தேர்வுக் கட்டத்தை மூடிவிட்டுப் படிக்க வேண்டிய பந்தயக் குறிப்பேடு

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுபவர்களுக்காக, பந்தய நாளுக்கு முந்தைய இரவு சந்தாதாரரின் கைபேசிக்கு வந்து சேரும் குறிப்பேடு இது. மறுநாள் நடக்கவிருக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் மூன்று அல்லது நான்கு பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன: முதலில் ஓடவிருக்கும் குதிரைகளின் அட்டவணை, அடுத்து ஒவ்வொரு குதிரையின் கடைசி ஆறு ஓட்டங்கள் பற்றிய விளக்கம், அதன்பின் பந்தயம் எப்படி அமையக்கூடும் என்ற கணிப்பு, கடைசியில் கட்டம் கட்டிய தேர்வு. அந்தக் கட்டத்தில் முதல் மூன்று இடங்களுக்கான குதிரைகளின் எண்களும், நம்பிக்கையின் அளவைக் காட்டுவதாகச் சொல்லப்படும் நட்சத்திரங்களும் இருக்கும். சில மாதங்களாக இதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பொதுப்படையாக எழுதினால் பாராட்டும் குறையும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும் என்பதால், எட்டுப் பந்தயங்கள் நடந்த ஒரே ஒரு நாளின் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, முந்தைய இரவு அது சொன்னதையும் மறுநாள் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். சேவையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். கீழே வரும் குறைகளில் ஒன்று என் கைப்பணத்தோடு சம்பந்தப்பட்டது என்பது ஒரு காரணம், இதே அச்சில் வெளிவரும் வேறு பல குறிப்பேடுகளுக்கும் இவை பொருந்தும் என்பது இன்னொரு காரணம்.

அன்றைய எட்டுத் தேர்வுகளில் மூன்று வென்றன. "எட்டில் மூன்று வெற்றி" என்று மறுநாள் காலையே பெரிய எழுத்தில் அறிவிப்பு வந்தது. அந்த மூன்று குதிரைகளின் ஆட்ஸைப் பார்த்தால், அதாவது வென்றால் என்ன கிடைக்கும் என்று சொல்லும் விலையைப் பார்த்தால், கதை வேறாகத் தெரியும். ஒன்று 4/5, அதாவது 5 போட்டால் லாபம் 4, இன்னொன்று சமவிலை, அதாவது போட்ட அளவே லாபம், மூன்றாவது 5/2. ஒவ்வொரு தேர்விலும் 10 பங்கு வீதம் போட்டிருந்தால் மொத்தம் 80 பங்கு வெளியே போயிருக்கும். திரும்பி வந்திருப்பது 18, 20, 35 என 73 பங்கு மட்டுமே. வெற்றி விகிதம் கண்ணுக்கு அழகாக இருந்தபோதும், குறிப்பேட்டை அப்படியே பின்பற்றியவர் நஷ்டத்தோடுதான் வீடு திரும்பியிருப்பார். மேலும், பெரும்பாலான நாடுகளின் பந்தயங்களில் மக்கள் அதிகம் பணம் போடும் குதிரை, அதாவது ஃபேவரிட், ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தில் வெல்கிறது. ஒன்றுமே படிக்காமல் ஃபேவரிட்டின் மீது விரலை வைப்பவருக்கும் எட்டில் இரண்டோ மூன்றோ கிடைத்துவிடும். ஆகவே "எத்தனை வென்றன" என்ற எண்ணிக்கையை வைத்து ஒரு குறிப்பேட்டை அளப்பது வீண் வேலை. எந்த விலையில் வென்றன, அந்த விலைக்கு அந்தக் குதிரையின் வாய்ப்பு தகுந்ததாக இருந்ததா என்பதுதான் அளவுகோல்.

இந்தக் கணக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறிப்பேட்டின் மீதான என் முதன்மையான குறை இதில்தான் தொடங்குகிறது. 4/5 விலையில் ஒரு குதிரையை எடுப்பவர், அத்தகைய குதிரை நூற்றுக்கு 55 முறைக்குச் சற்று மேல் வென்றால்தான் போட்ட பணத்தையாவது காப்பாற்ற முடியும். புக்மேக்கர், அதாவது விலை சொல்லிப் பந்தயப் பணத்தை ஏற்பவர், ஒரு பந்தயத்தின் எல்லாக் குதிரைகளுக்கும் கொடுக்கும் விலைகளைச் சதவீதமாக மாற்றிக் கூட்டினால் 100-ஐத் தாண்டும். தாண்டும் பகுதிதான் அவருடைய வரும்படி. 1860-களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் உருவாக்கிய பாரி-மியூச்சுவல் முறையில், இன்று நாம் டோட் என்று சொல்லும் முறையில், எல்லோரும் போட்ட பணம் ஒரே குவியலாகச் சேர்ந்து, நடத்துபவரின் பங்கும் வரியும் கழிந்த பிறகே வென்றவர்களுக்குப் பிரிக்கப்படுகிறது. அந்தக் கழிவு இடத்துக்கு இடம் மாறினாலும் பொதுவாக நூற்றுக்கு 15 முதல் 25 வரை இருக்கும். ஆகவே கூட்டத்தின் கணிப்பைவிடக் கொஞ்சம் நன்றாகக் கணிப்பது போதாது. அந்தக் கழிவையும் தாண்டும் அளவுக்கு நன்றாகக் கணித்தாக வேண்டும். ஓடிய 14 பந்தயங்களிலும் வென்ற ஃபிராங்கெல் என்ற குதிரை, 2012-இல் இங்கிலாந்தின் ஆஸ்கட்டில் தன் கடைசிப் பந்தயத்தில் 2/11 விலையில் ஓடியது. 11 போட்டவருக்கு லாபம் 2. உலகில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தியைக் குறிப்பேடு எவ்வளவு அழகாக எழுதினாலும் அதற்கு விலை கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தக் குறிப்பேட்டை நான் நிறுத்தவில்லை. அதன் கட்டத்தைவிட்டு மேலே உள்ள பக்கங்களுக்குப் போனால், அங்கே உண்மையாகவே உழைத்த ஒருவருடைய கை தெரிகிறது. பல குறிப்பேடுகள் ஒரு குதிரையின் பழைய ஓட்டங்களை 0-7-6-2 என்று எண்களாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அந்த எண்கள் இடத்தைச் சொல்லுமே தவிர, பன்னிரண்டு நல்ல குதிரைகளோடு ஓடி ஏழாவதாக வந்ததா, ஏழு சாதாரணக் குதிரைகளில் கடைசியாக வந்ததா என்பதைச் சொல்லாது. வென்ற குதிரைக்கும் அதற்கும் இருந்த இடைவெளி இரண்டு நீளமா, இருபது நீளமா (ஒரு நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்) என்பதும் அதில் இல்லை. இந்தக் குறிப்பேடு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தூரம், டிராக்கின் நிலை, சுமந்த எடை, தொடக்க வாயில் எண், வென்றதற்கும் இதற்குமான இடைவெளி, அதோடு வழியில் ஏதேனும் தடை ஏற்பட்டதா என்ற ஒரு வரி ஆகியவற்றைத் தருகிறது. அந்த ஒரு வரிதான் இதன் சொத்து. ஓட்டத்தின் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்க்காமல் அப்படி எழுத முடியாது.

மூன்றாம் பந்தயம் இதற்குச் சரியான சான்று. ஏழு பர்லாங் (எட்டு பர்லாங் ஒரு மைல்) ஹேண்டிகேப், அதாவது திறமைக்கேற்பக் கூடுதல் குறைவாக எடை சுமக்கவைத்து வாய்ப்பைச் சமப்படுத்தும் பந்தயம்; பதினொரு குதிரைகள். அவற்றில் ஒன்றின் கடைசி மூன்று ஓட்டங்கள் பத்துக்கு வெளியே, ஏழாவது, ஆறாவது. எண்ணை மட்டும் பார்ப்பவர் அடுத்த வரிக்குப் போயிருப்பார். குறிப்பேடு அப்படிப் போகவில்லை. முதல் ஓட்டத்தில் மிக வெளிப்புற வாயிலிலிருந்து கிளம்பி, திருப்பம் முழுவதையும் நான்கு குதிரைகளுக்கு வெளியே ஓடியதை அது சொன்னது. இரண்டாவது ஓட்டம் மழைக்குப் பிந்தைய இளகிய தரையில் நடந்தது, அந்தக் குதிரை இதுவரை அத்தகைய தரையில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்ததே இல்லை என்பதைச் சொன்னது. மூன்றாவதில் கடைசி நேர்ப்பாதையில் முன்னே சுவர்போல் அடைத்து நின்ற குதிரைகளுக்கு நடுவே ஜாக்கிக்கு வழி கிடைக்காமல், குதிரையை முழுமையாக ஓடவிடவே முடியவில்லை என்பதையும் சொன்னது. இந்த மூன்று தோல்விகளால் எடையை நிர்ணயிக்கும் ஹேண்டிகேப்பர் அதன் ரேட்டிங்கைக் குறைத்துக்கொண்டே வர, இப்போது அது கடைசியாக வென்றபோது சுமந்ததைவிட 7 பவுண்டு குறைவாகச் சுமக்கிறது. உள்பக்க வாயில் கிடைத்திருக்கிறது, தரை உலர்ந்திருக்கிறது.

7 பவுண்டு என்பது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள ஒரு விலங்குக்கு இது ஒரு பொருட்டா என்று புதியவர்கள் கேட்பார்கள். ஹேண்டிகேப் கணக்கில் இதற்கென்று பழகிப்போன ஒரு வாய்பாடு உண்டு: ஐந்து பர்லாங் ஓட்டத்தில் ஒரு நீளத்துக்குச் சுமார் 3 பவுண்டு, ஒரு மைலில் சுமார் 2 பவுண்டு, இரண்டு மைல் அளவுக்குத் தூரம் கூடும்போது சுமார் 1 பவுண்டு. ஏழு பர்லாங்கில் 7 பவுண்டு என்றால் மூன்று நீளத்துக்கும் மேல். ஒரு நீளம் என்பது நேரத்தில் ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும், பெரும்பாலான ஹேண்டிகேப் பந்தயங்கள் ஒன்று இரண்டு நீளங்களுக்குள் முடிவாகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மூன்று கிலோவின் கனம் புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் அட்மிரல் ரூஸ் வயதுக்கேற்ற எடை அட்டவணையை வகுத்ததிலிருந்து இன்றுவரை, எல்லாக் குதிரைகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் ஹேண்டிகேப்பரின் வேலை. அவர் எந்தக் குதிரையிடம் தேவைக்கு மேல் இளகிவிட்டார் என்பதைக் கண்டுபிடிப்பது குறிப்பு எழுதுபவரின் வேலை. அன்று மூன்றாம் பந்தயத்தில் எழுதியவர் கண்டுபிடித்துவிட்டார்.

கண்டுபிடித்துவிட்டு, கட்டத்தில் ஃபேவரிட்டின் எண்ணைப் போட்டார். இரண்டு பக்கம் முழுக்க வாதாடி நிறுவிய குதிரைக்கு மூன்றாம் இடம் கொடுத்து, "கவனிக்கத் தக்கது" என்று ஒரு வார்த்தையோடு முடித்திருந்தார். அந்தக் குதிரை 13/2 விலையில் வந்து ஒன்றரை நீளத்தில் வென்றது. நடந்து முடிந்த பிறகு இப்படிப் பேசுவது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது தோற்றிருந்தாலும் என் குறை மாறாது. ஏனென்றால் என் கேள்வி வெற்றியைப் பற்றியதன்று. விளக்கமும் தேர்வும் ஒன்றையொன்று ஏன் கைவிடுகின்றன என்பதுதான் கேள்வி. மாதக்கணக்கில் வாசித்ததில் எனக்குத் தோன்றுவது, விளக்கத்தை எழுதுபவர் ஒருவர், கட்டத்தை நிரப்புபவர் வேறொருவர். கட்டத்தை நிரப்புபவருக்கு மறுநாள் காலை "எட்டில் மூன்று" என்று அறிவிக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. அந்தக் கட்டாயம் அவரைத் திரும்பத் திரும்ப ஃபேவரிட்டின் பக்கமே தள்ளுகிறது. அன்றைய எட்டுத் தேர்வுகளில் ஆறு, சந்தையின் முதல் ஃபேவரிட்டாகவே இருந்தன.

டிராக்கின் நிலை பற்றிய பகுதியும் நன்றாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இறுகிய தரைக்கு 1-இல் தொடங்கி, மிக இளகிய சேற்றுத் தரைக்கு 10 வரை எண் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் இறுகியது, நல்லது, மென்மையானது, கனமானது என்று சொல்லால் பிரிக்கிறார்கள். எந்த முறையானாலும் அறிவிக்கப்பட்ட நிலையும் குதிரையின் குளம்புக்குக் கீழே உள்ள நிலையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் குறிப்பேடு அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், முந்தைய பந்தய நாளின் ஓட்ட நேரங்களை வைத்துத் தரை அறிவித்ததைவிட மெதுவாக இருந்ததா வேகமாக இருந்ததா என்று ஒரு குறிப்புத் தருகிறது. தொடக்க வாயில் பற்றியும் அதே கவனம் உண்டு. இங்கிலாந்தின் செஸ்டர் போன்ற, சுற்றளவு ஒரு மைல் அளவே உள்ள, இடப்பக்கம் வளைந்துகொண்டே இருக்கும் டிராக்கில் குறுகிய தூர ஓட்டத்துக்குக் குறைந்த வாயில் எண் எவ்வளவு பெரிய அனுகூலம் என்பது பரவலாகத் தெரிந்ததே. நீண்ட நேர்ப்பாதையில் நடக்கும் ஓட்டத்துக்கு அதே விதியைப் பொருத்தினால் தவறாகிவிடும். எழுதியவர் இந்த வேறுபாட்டை அறிந்தவர். வாயில் எண் பொருட்டல்லாத பந்தயங்களில் அதைப் பற்றிப் பேசாமல் விட்டிருக்கிறார். தெரிந்ததையெல்லாம் கொட்டாத அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

நேரக் கணக்கில் மட்டும் அதே கவனம் இல்லை. 1948-இல் இங்கிலாந்தில் ஃபில் புல் டைம்ஃபார்ம் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவருடைய மூலதனமே ஓட்ட நேரத்தைத் தரைக்கும் எடைக்கும் ஏற்பத் திருத்திக் கணக்கிடும் முறைதான். அமெரிக்காவில் ஆண்ட்ரூ பேயரின் வேக எண்கள் 1992 முதல் அங்குள்ள முதன்மையான பந்தய நாளிதழில் ஒவ்வொரு குதிரையின் வரியிலும் அச்சாகி வருகின்றன. இவ்வளவு காலம் கழித்தும் நம் குறிப்பேடு முந்தைய ஓட்டத்தின் மொத்த நேரத்தைக் கொடுக்கிறதே தவிர, அதைத் திருத்தித் தருவதில்லை. தரை திருத்தப்படாத நேரம் வாசகருக்கு உதவாது என்பதோடு, அவரைத் தவறான இடத்துக்கும் அழைத்துப் போகும்.

ஏழாம் பந்தயத்தில் அதுதான் நடந்தது. முந்தைய ஓட்டத்தில் ஐந்தே குதிரைகள் ஓடிய களத்தில், சேறாக இருந்த தரையில், ஆறு நீளத்தில் வென்ற குதிரைக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஆறு நீளத்தில் எவ்வளவு அந்தக் குதிரையின் திறமை, எவ்வளவு மற்ற நான்கும் சேற்றில் நின்றுபோனதன் விளைவு என்று பிரித்துப் பார்க்கவே இல்லை. வெற்றிக்குத் தண்டமாக 6 பவுண்டு கூடுதல் எடை, உலர்ந்த தரை, பதின்மூன்று எதிரிகள்; ஒன்பதாவதாக வந்தது. பெரிய வித்தியாசத்தில் வென்ற ஒரே ஓட்டத்தைக் கண்டு மயங்குவது பழைய நோய்தான். 1973-இல் அமெரிக்காவின் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தை 31 நீளத்தில், 2 நிமிடம் 24 நொடியில் வென்ற செக்ரடேரியட்டே, அதே கோடையில் சரடோகாவில் ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றது. அந்த அளவு மேன்மையான குதிரைக்கே அடுத்த நாள் வேறொரு நாள் என்றால், ஹேண்டிகேப் குதிரைக்கு நான்கு நட்சத்திரம் எந்தத் துணிவில் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஐந்தாம் பந்தயத்தைப் பற்றி எழுதும்போது என் குரல் சற்று உயர்ந்தால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். முந்தைய இரவு வந்த விளக்கம் அன்றைய நாளிலேயே சிறந்தது. ஒன்பது குதிரைகளில் இரண்டு மட்டுமே முன்னே ஓடியே பழகியவை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வாயில்களில் நிற்கின்றன. எதுவும் மற்றொன்றுக்கு விட்டுக்கொடுக்காது. முதல் அரை மைல், அளவுக்கு மீறிய வேகத்தில் கழியும். கடைசி இரண்டு பர்லாங்கில் இரண்டும் களைக்க, பின்னாலிருந்து வரும் குதிரைக்குப் பந்தயம் விழும் என்று எழுதியிருந்தது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. மறுநாள் காலை அந்த இரண்டில் ஒன்று கால்நடை மருத்துவரின் பரிசோதனைக்குப் பிறகு விலக்கப்பட்டது. அதோடு கணிப்பு முழுவதும் தலைகீழாகிவிட்டது: எதிர்ப்பே இல்லாமல் முன்னே ஓடும் ஒற்றைக் குதிரை தன் விருப்பப்படி வேகத்தைக் குறைத்து மூச்சைச் சேமித்துக்கொள்ளும், பின்னாலிருப்பவை கடைசியில் எவ்வளவு வேகமாக வந்தாலும் எட்ட முடியாது. விலக்கல்களுக்கு ஏற்பத் திருத்திய பதிப்பு காலையில் அனுப்பப்படும் என்பது சந்தாவில் எழுதிக் கொடுத்த வாக்குறுதி. எனக்குத் திருத்திய பதிப்பு வந்தபோது ஐந்தாம் பந்தயம் முடிந்து ஆறாம் பந்தயத்தின் குதிரைகள் ஸ்டார்டிங் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. முன்னே ஓடிய அந்த ஒற்றைக் குதிரைதான் வென்றது. விலக்கலை நானே கவனித்திருக்க வேண்டும் என்பது உண்மை. திருத்திய பதிப்பு வரும் என்று நம்பி இருந்ததால் கவனிக்கவில்லை என்பதும் உண்மை.

முதல் பந்தயம் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான மெய்டன், அதாவது இதுவரை ஒரு வெற்றியும் காணாதவற்றுக்கானது. பத்துக் குதிரைகளில் ஆறு வாழ்நாளில் முதல் முறையாக ஓடுகின்றன. எதைப் பற்றியும் சொல்வதற்கு அதிகம் இல்லை என்று குறிப்பேடே நேர்மையாக ஒப்புக்கொண்டு, காலை ஓட்டப் பயிற்சியின் நேரங்களையும் வம்சாவளியையும் மட்டும் கொடுத்தது. அப்புறம் எதற்கு இரண்டு நட்சத்திரத் தேர்வு? "இந்தப் பந்தயத்தை விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வரிக்காகவே சந்தா கட்டலாம். எட்டுப் பந்தயத்திலும் ஒரு கருத்து இருந்தே ஆக வேண்டும் என்பது வாசகரின் எதிர்பார்ப்பு என்று நினைக்கிறார்கள் போலும். எட்டாவதும் அதே வகைதான். அதைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை.

ஜாக்கி, பயிற்சியாளர் பற்றிய எண்களை அச்சிடும் விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. "இந்த ஜாக்கியும் இந்தப் பயிற்சியாளரும் சேர்ந்த கடைசி ஐந்து ஓட்டங்களில் மூன்று வெற்றி, 60 சதவீதம்" என்று தடித்த எழுத்தில் போடுகிறார்கள். ஐந்து ஓட்டங்களை வைத்துச் சதவீதம் போடுவது, இரண்டு நாள் மழையைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டின் பருவமழையைச் சொல்வதற்குச் சமம். அதைவிடத் தீங்கானது ஒரு சின்னத் தவறு: நான்காம் பந்தயத்தில் ஒரு குதிரையின் மீது அப்ரெண்டிஸ் ஜாக்கி ஏறியிருந்தார், அவருடைய அனுபவக் குறைவுக்காகக் கழிக்க வேண்டிய 3 பவுண்டு சலுகையை எடைப் பத்தியில் கழிக்காமலே விட்டிருந்தார்கள். மூன்றாம் பந்தயத்தில் 7 பவுண்டுக்காக அவ்வளவு நுட்பமாக வாதாடிய அதே ஏட்டில் அடுத்த பந்தயத்தின் 3 பவுண்டு காணாமல் போவது சங்கடமாக இருக்கிறது. ஆறாம் பந்தயத்தில் பிளிங்கர்ஸ் எனப்படும் கண்பட்டை முதல் முறையாக மாட்டப்படுவதைச் சரியாகக் குறித்து, கவனம் சிதறி முன்னேறாமல் நின்ற முந்தைய ஓட்டத்தோடு அதைப் பொருத்திக் காட்டியிருந்தார்கள். 5/2-இல் வென்றது அந்தக் குதிரைதான். அன்று விளக்கமும் கட்டமும் கைகோத்துக்கொண்ட ஒரே இடம் அது.

நட்சத்திரங்களுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஒரு நட்சத்திரம் என்றால் எத்தனை சதவீத வாய்ப்பு, நான்கு என்றால் எத்தனை என்று ஓரிடத்திலும் விளக்கம் கிடையாது. அதன் இடத்தில் இருக்க வேண்டியது ஒரே ஓர் எண்: எந்த விலைக்குக் குறைந்தால் இந்தக் குதிரையை எடுக்கக் கூடாது என்பது. ஒரு குதிரைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு என்று எழுதியவர் கருதினால் 3/1 தான் சமநிலை. 5/1 கிடைத்தால் எடுக்கலாம், 2/1 என்றால் அதே குதிரையை, அதே மதிப்போடு, விட்டுவிட வேண்டும். ஹாங்காங் பந்தயங்களில் கணினி மாதிரியை வைத்துப் பெரும் பணம் ஈட்டிய பில் பென்டர், 1994-இல் வெளியிட்ட தன் ஆய்வுக் கட்டுரையில், மாதிரியின் கணிப்பை மட்டும் நம்பாமல் பொதுமக்களின் பணம் காட்டும் விலையையும் அதோடு சேர்த்தபோதுதான் கணிப்பு சரியாக அமைந்தது என்று விளக்கியிருக்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட காரணிகளை எடைபோடும் மாதிரிக்கே விலை தேவைப்பட்டது. மூன்று நட்சத்திரம் மட்டும் போட்டுவிட்டு விலையைப் பற்றி வாய் திறக்காத கட்டம் எதைச் சாதிக்கும்? இதை ஒரு கடிதமாகச் சேவைக்கு எழுதி அனுப்பினேன். எண்கள் அதிகமானால் வாசகர்கள் குழம்புவார்கள் என்று பதில் வந்தது. பவுண்டு, பர்லாங், நீளம், வாயில் எண் என்று முப்பது பக்கம் படிக்கிற வாசகர் இன்னுமோர் எண்ணில் குழம்புவார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

சேவையின் பழைய தேர்வுகளின் பதிவேடும் அரைகுறைதான். வென்றவை மட்டும் விலையோடு பட்டியலாகின்றன. தோற்றவை அந்தந்த நாளின் ஏட்டோடு மறைந்துவிடுகின்றன. தொடர் வெற்றிகளைக் காட்டி ஈர்க்கும் குறிப்பாளர்களை எடைபோட ஒரு சிறு கணக்கு போதும். ஆறு குதிரைகள் ஓடும் ஐந்து பந்தயங்களை எடுத்துக்கொண்டு 7,776 பேருக்கு ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரிசையில் குதிரைகளை அனுப்பினால், எதுவுமே தெரியாமல் அனுப்பியிருந்தாலும், அவர்களில் ஒருவர் ஐந்து வெற்றிகளைத் தொடர்ச்சியாகக் கண்டு வியந்து நிற்பார். இந்தச் சேவை அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்பதைக் காட்டும் முழுப் பதிவேட்டை அது வெளியிட வேண்டும் என்கிறேன். தோல்விகளை வெளியிட அஞ்ச வேண்டியதும் இல்லை. நான்கில் ஒன்று வெல்லும் நல்ல குறிப்பாளருக்குக்கூட, எந்தப் பத்துத் தேர்வுகளை எடுத்தாலும் பத்தும் தோற்றுப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருக்கிறது. ஒரு பருவத்தில் அது ஓரிரு முறை வந்தே தீரும். அதைப் புரிந்துகொள்ளாத சந்தாதாரர்தான் பதினோராவது பந்தயத்தில் விட்டதைப் பிடிக்க இரண்டு பங்காகப் போட்டு, வீட்டுச் செலவுக்கான பணத்தையும் இழப்பவர்.

நடை பற்றி ஒரு சொல். விளக்கப் பகுதியின் மொழி துல்லியமாக இருக்கும்போது, கணிப்புப் பகுதியில் "வாய்ப்பை மறுக்க முடியாது", "அதிர்ச்சி தரலாம்", "ஒதுக்கிவிட முடியாது" என்ற தொடர்கள் மலிந்துவிடுகின்றன. ஐந்தாம் பந்தயத்தின் ஒன்பது குதிரைகளில் ஆறுக்கு இவற்றில் ஏதோ ஒன்று சூட்டப்பட்டிருந்தது. எது வென்றாலும் "நாங்கள் சொன்னோமே" என்று சுட்டிக்காட்ட வழிசெய்யும் மொழி அது. 1967-இல் இங்கிலாந்தின் எய்ன்ட்ரீயில் களத்தில் எஞ்சியிருந்த மற்ற குதிரைகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே தடுப்பின் முன்னே குவிந்து நின்றுவிட, 100/1 விலையில் இருந்த ஃபாய்னாவன் தனியாகக் கடந்துபோய் கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் பந்தயத்தை வென்றது போன்ற அதிர்ச்சிகளை யாரும் முன்கூட்டியே எழுத முடியாது. எழுத முடிந்ததுபோல் பாவனை செய்யத் தேவையும் இல்லை.

இந்தச் சேவை முழுப் பருவத்துக்கும் கிடைக்கிறது, ஒரு நாளுக்கு மட்டும் தனியாகவும் கிடைக்கிறது. முழுப் பருவச் சந்தாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். முந்தைய நாள் பந்தய நிரலைப் பார்த்து, அதில் பாதிக்கு மேல் ஏழெட்டு முறையாவது ஓடிய குதிரைகளின் ஹேண்டிகேப்களாக இருந்தால் அந்த நாளுக்கு வாங்கலாம். மெய்டன்களும் இரண்டு வயதுப் பந்தயங்களும் நிறைந்த நாளென்றால் தேவையில்லை. வாங்கிய பிறகு, ஒவ்வொரு பந்தயத்தின் விளக்கத்தையும் கட்டத்தை மூடிக்கொண்டு படித்து, ஒவ்வொரு குதிரைக்கும் நீங்கள் கொடுக்கும் விலையை ஓரத்தில் எழுதிவையுங்கள்; காலையில் விலக்கல் பட்டியலை நீங்களே பார்த்து அதைத் திருத்துங்கள். என் ஏட்டில் மூன்றாம் பந்தயத்தின் ஓரத்தில் அன்று 4/1 என்று எழுதியிருந்தேன். சந்தையில் 13/2 இருந்தும், கட்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஃபேவரிட்டின் மீது போட்டேன்.